மீட்டருக்கா, மனுஷனுக்கா? நகராட்சியின் இலவசத் தண்ணீரும் கரண்டும் யாருக்குப் போய்ச் சேருது?

பிரிவு: ஊர் நடப்பு, குவாசூலு-நட்டால், தென்னாப்பிரிக்கா

கருப்பங்காட்டுக்காரி
திங்கள், இரவு 8:40

எல்லோருக்கும் வணக்கம். என் தமிழ் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் படித்த தமிழ், பிழை இருந்தால் பொறுத்துக்குங்க.

நாங்க வடகடற்கரைப் பக்கம். ஊர் பேர் போட மாட்டேன், நாளைக்கும் அதே கவுன்டரில் போய் நிற்கணும்.

எங்க அத்தைக்கு 71 வயசு. மாமா 2016ல் போனார். சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவர். உயில் எழுதி வைக்கும் பழக்கம் நம்ம வீடுகளில் யாருக்கு இருக்கு? வீடு, தண்ணீர், கரண்டு எல்லாம் இன்னும் அவர் பேரில்தான். ஒன்பது வருஷத்துக்கு மேலா செத்தவருக்கு மாசா மாசம் பில் வருது.

போன வாரம் இண்டிஜென்ட் ஃபாரம் (ஏழைக் குடும்பம்னு நகராட்சியில் பதிஞ்சு இலவசத் தண்ணீர், கரண்டு கேட்கும் படிவம்) கொடுக்க அத்தையைக் கூட்டிக்கொண்டு நகராட்சி ஆபிஸுக்குப் போனேன். எங்களுக்கு முன்னால் நின்ற தாத்தா, "இண்டியன் ஜென்ட்ஸ் வரிசை இதுதானா பிள்ளே?" என்று கேட்டார். அத்தை அன்னைக்குச் சிரிச்சது அந்த ஒரு தடவைதான்.

கவுன்டரில் இருந்த பெண் நல்லவிதமாத்தான் பேசினாள். ஐடி? இருக்கு. சாஸா (அரசு உதவித்தொகை கொடுக்கும் நிறுவனம்) பணம் வரும் பேங்க் ஸ்டேட்மென்ட்? இருக்கு. போலீஸ் ஸ்டேஷனில் போட்ட அஃபிடவிட்? இருக்கு. பில் யார் பேரில்? மாமா பேரில். அப்போ அவர்தான் கையெழுத்துப் போடணும். அவர் இறந்துட்டார். அப்போ வீட்டை உங்க பேருக்கு மாத்திக்கிட்டு வாங்க.

மாத்தணும்னா வக்கீல் கிளியரன்ஸ் சர்ட்டிஃபிகேட் (பாக்கி இல்லைன்னு நகராட்சி தரும் சான்று) கேட்கிறார். கிளியரன்ஸ் வேணும்னா பாக்கி 38,000 ராண்ட் கட்டணும். பாக்கியைத் தள்ளுபடி செய்யணும்னா இண்டிஜென்ட் லிஸ்டில் பேர் இருக்கணும். லிஸ்டில் பேர் வரணும்னா வீடு அத்தை பேரில் இருக்கணும். பைத்தியம் தெளிஞ்சா கல்யாணம், கல்யாணம் ஆனா பைத்தியம் தெளியும்!

கல்யாணம்னு சொன்னதும் ஞாபகம் வருது. கடைசியா அந்தப் பெண் கேட்டது கல்யாண சர்ட்டிஃபிகேட். 1974ல் கோயிலில் தாலி கட்டினது. யாரும் எங்கேயும் பதிவு செய்யலை. அத்தை வீட்டுக்கு வரும் வரைக்கும் பேசவே இல்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போது மட்டும், "நாப்பத்திரண்டு வருஷம் யார் வீட்டில்டி சமைச்சேன்?" என்று கேட்டாள்.

இந்த 2025ல் அத்தைக்குப் பென்ஷன் 2,315 ராண்ட். வேலை இல்லாத மகன் ஒருத்தன், அவனுக்கு 370. பின்னால் இரண்டு அறை வாடகைக்கு விட்டிருக்காங்க, ஒவ்வொன்றுக்கும் 900. மொத்தம் 4,485. எங்க ஊரில் இரண்டு பென்ஷன் தொகைக்குள் வருமானம் இருந்தால் இண்டிஜென்ட். அதாவது 4,630. உள்ளேதான் வராங்க. ஆனா உள்ளே விட மாட்டேங்கிறாங்க.

நகராட்சிகள் ஏழ்மையைக் குறைக்குதுன்னு ஒவ்வொரு பட்ஜெட் சமயத்திலும் படிக்கிறோமே, அது யாரோட ஏழ்மை?

மதுரை_டு_சாண்டன்
திங்கள், இரவு 9:25

அக்கா, நான் இந்த ஊருக்கு வந்து மூணு வருஷம்தான். ஒரு விஷயம் விளக்குங்க. பென்ஷன் குடுக்கறது நகராட்சியா?

பழைய லெட்ஜர்
திங்கள், இரவு 10:10

இல்லை தம்பி. இந்தக் குழப்பம் இங்கே பிறந்தவர்களுக்கே உண்டு.

கையில் வரும் பணம், அதாவது முதியோர் பென்ஷன், 2025 கணக்குப்படி பிள்ளைகளுக்கான 560 ராண்ட், வேலையில்லாதவர்களுக்கான 370 ராண்ட், எல்லாமே தேசிய அரசு சாஸா வழியாகத் தருவது. நகராட்சி கையில் காசாகத் தருவது எதுவும் இல்லை. அதன் உதவி குழாய் வழியாகவும் கம்பி வழியாகவும் வருகிறது: மாதம் 6 கிலோலிட்டர் தண்ணீர், 50 யூனிட் மின்சாரம், கழிவுநீர் அகற்றுவது, குப்பை அள்ளுவது, வீட்டு வரியில் தள்ளுபடி. அநாதைப் பிணத்தை அடக்கம் செய்வதும் அதன் வேலைதான்.

நான் ஒரு நகராட்சியின் வரவுப் பிரிவில் 31 ஆண்டுகள் இருந்தவன். என் தகப்பனார் டர்பன் கார்ப்பரேஷனில் தெரு கூட்டியவர். சோம்ட்ஸூ ரோடு பக்கம் மேகசின் பாரக்ஸ் என்று கார்ப்பரேஷன் தன் இந்தியத் தொழிலாளர்களை வைத்திருந்த இடம், அங்கேதான் பிறந்தேன். வேலை தந்ததும் நகராட்சி, வீடு தந்ததும் நகராட்சி, அறுபதுகளில் எங்களை லாரியில் ஏற்றி, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்தில் இறக்கியதும் நகராட்சி. ஆகவே நகராட்சி ஏழைக்கு என்ன செய்யும், என்ன செய்யாது என்பதில் எனக்கு மயக்கம் எதுவும் கிடையாது.

அம்மா கருப்பங்காட்டுக்காரி, உங்கள் அத்தை விஷயத்தில் மூன்று முடிச்சு இருக்கிறது. ஒவ்வொன்றாக அவிழ்க்கலாம்.

தாலி: 2009ல் சட்ட அறிக்கைகளில் வெளிவந்த டர்பன் உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று இருக்கிறது, கோவெந்தர் எதிர் ராகவய்யா. உயில் இல்லாமல் கணவன் இறந்தால், இந்து முறைப்படி மட்டும் மணந்த மனைவியும் சட்டத்தின் கண்ணில் மனைவியே, அவளுக்கும் சொத்தில் பங்கு உண்டு என்றது அந்தத் தீர்ப்பு. அதே கதைதான், கோயிலில் கல்யாணம், பதிவு இல்லை. கல்யாணத்தைப் பார்த்த இரண்டு பேரிடம் அஃபிடவிட் வாங்குங்கள். பத்திரிகை, போட்டோ இருந்தால் சேர்த்துக் கொடுங்கள்.

பாக்கி: கிளியரன்ஸுக்கு 38,000 முழுவதும் கட்ட வேண்டும் என்று யார் சொன்னது? 2000ஆம் ஆண்டின் முனிசிபல் சிஸ்டம்ஸ் சட்டம், 118ஆம் பிரிவு, கடைசி இரண்டு ஆண்டுப் பாக்கியைத்தான் கேட்கிறது. அதற்கு முந்தைய கடன் புதிய சொந்தக்காரர் தலையில் விழாது என்று அரசியல் சட்ட நீதிமன்றம் 2017ல் ஜோர்டான் வழக்கில் சொல்லிவிட்டது.

பேர்: இதுதான் முக்கியம். பல நகராட்சிகளின் இண்டிஜென்ட் கொள்கையில், கணக்குக்காரர் இறந்திருந்தால் அந்த வீட்டில் வாழ்பவர் விண்ணப்பிக்கலாம் என்று ஒரு வரி இருக்கும். கவுன்டரில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. அவளுக்குக் கொடுத்திருப்பது ஒரு டிக் போடும் தாள். கொள்கைத் தாளையே கேட்டு வாங்குங்கள். அது பொது ஆவணம், ஒவ்வொரு ஆண்டும் ஜூலை 1க்கு முன்னால் பட்ஜெட்டோடு சேர்த்துக் கவுன்சில் நிறைவேற்றுவது.

பில்_கட்டுறவன்
செவ்வாய், காலை 6:15

நானும் சொல்லிட்டுப் போறேன். மாசம் நாலாயிரம் ராண்ட் ரேட்ஸும் (வீட்டு வரி) தண்ணியும் கட்டறேன். ரோட்டில் குழி, தெருவிளக்கு இல்லை. இலவசம் இலவசம்னு எல்லாத்தையும் அள்ளிக் கொடுத்தா யார்தான் கட்டுவாங்க? பின்னால் இரண்டு அறை வாடகைக்கு விட்டிருக்கிற அம்மா ஏழையா?

கருப்பங்காட்டுக்காரி
செவ்வாய், காலை 6:50

கணக்கை மேலே போட்டிருக்கேன் அண்ணா. படிச்சுட்டுப் பேசுங்க.

மதுரை_டு_சாண்டன்
செவ்வாய், காலை 7:30

பழைய லெட்ஜர் ஐயா, பெரிய நன்றி. ஒரு வேடிக்கை கவனிச்சீங்களா? தமிழ்நாட்டில் 2016லேர்ந்து வீட்டுக் கரண்டு ரெண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம். மாசக் கணக்குக்கு 50. இங்கேயும் 50. அச்சு அசல் அதே அளவு!

வித்தியாசம் என்னன்னா, அங்கே யாரும் ஃபாரம் நிரப்பலை. பங்களாக்காரனுக்கும் 100, குடிசைக்கும் 100. பில்லிலேயே கழிச்சு வந்துடும். ரேஷன் அரிசியும் அப்படித்தான், 2011லேர்ந்து அரிசி கார்டுக்கு இலவசம். "ஏழைன்னு நிரூபி"ன்னு எங்க ஆத்தாவை யாரும் கவுன்டர்ல நிக்க வைக்கலை. பணக்காரனுக்கும் போகுதே, வீண்தானேன்னு நான் காலேஜ்ல வாதாடினவன். இந்த அக்கா எழுதினதைப் படிச்சதும் அந்த வாதத்தை வாபஸ் வாங்கிக்கலாமான்னு தோணுது.

(50 யூனிட்ல என்ன ஓடும்னு ஒரு கணக்கு: 3 கிலோவாட் கீசர் 17 மணி நேரம் கூட ஓடாது. குளிர்காலத்துல ஒரு வாரம் தாங்கினா பெரிசு.)

லெனேசியா_மாமி
செவ்வாய், மதியம் 1:05

ஜோஹனஸ்பர்கிலும் எல்லோருக்கும் 6 கிலோலிட்டர் இலவசமாக இருந்தது. 2017 ஜூலையில் நிறுத்தினார்கள். இப்போது பதிவு செய்தவர்களுக்கு மட்டும். எங்கள் தெருவில் உண்மையிலேயே கஷ்டப்படும் இரண்டு வீடுகளில் ஒன்று பதிவு செய்தது. இன்னொன்று, "பிச்சைக்காரர் லிஸ்டில் என் பேரா" என்று மறுத்துவிட்டது. மானம் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

ஞாயிறு_கூழ்
செவ்வாய், இரவு 7:45

நான் கோயில் அடுக்களையில் வேலை செய்கிறவள். ஆடி மாசம் மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்சுவோம் இல்லையா, எங்க கோயிலில் அதை ஒவ்வொரு ஞாயிறும் ஆக்கிவிட்டோம். கூழ், பீன்ஸ் கறி, ரொட்டி. கேட்டு வருகிறவர்களை என்ன ஜாதி, என்ன மதம், ஐடி இருக்கா என்று கேட்பதில்லை. தட்டு இருந்தால் போதும். சில வார்டுகளில் நகராட்சியும் சூப் கிச்சன் நடத்துகிறது. நல்ல காரியம்.

கருப்பங்காட்டுக்காரி, உங்க அத்தையின் கதை மனசைப் பிசையுது. ஆனா நான் கேட்க வந்தது வேறே. அந்தப் பின்னறைகளில் யார் இருக்காங்க? அவங்களைப் பற்றி ஒரு வரி கூட இல்லையே.

கருப்பங்காட்டுக்காரி
செவ்வாய், இரவு 8:20

நீங்க கேட்ட பிறகுதான் எனக்கே உறைச்சது அக்கா.

ஒரு அறையில் ஒரு ஸுலு கோகோ (பாட்டி), நாலு பேரப்பிள்ளைகள். மகள் இறந்துட்டா. இன்னொரு அறையில் மலாவிக்காரர், மனைவி, கைக்குழந்தை. அவர் தோட்ட வேலை. முன்வீட்டில் அத்தையும் மகனும். ஒரே குழாய், ஒரே மீட்டர், பத்துப் பேர்.

கோகோவுக்குப் பென்ஷன் 2,315, நாலு பிள்ளைகளுக்கும் 560 வீதம் 2,240. ஆக 4,555. அதில் 900 வாடகை எங்க அத்தைக்கு. கரண்டுக்கு மாசம் 250 அத்தை கையில் கொடுக்கறாங்க. அதைக் கொண்டு அத்தை ப்ரீபெய்ட் மீட்டருக்கு (முன்னாடியே காசு கட்டினால்தான் ஓடும்) டோக்கன் வாங்குவாள். மீட்டரோ, டோக்கன் வாங்கும்போதே பழைய பாக்கிக்கு ஒரு பங்கைப் பிடிச்சுக்கும். அப்போ மாமா வைத்த பாக்கியை யார் கட்டறாங்க?

சொல்லவே வெட்கமா இருக்கு.

ஞாயிறு_கூழ்
செவ்வாய், இரவு 8:55

உங்க அத்தைக்குப் பேர் மட்டும்தான் இல்லை. அந்தக் கோகோவுக்கு மீட்டரே இல்லை. உங்க அத்தை ஜெயித்தாலும் கோகோவுக்கு எதுவும் வராது. நகராட்சியைப் பொறுத்தவரை அந்த அம்மா அந்த வீட்டில் இல்லவே இல்லை.

பழைய லெட்ஜர்
செவ்வாய், இரவு 10:30

அம்மா கூழ்க்காரி, சரியான இடத்தில் கை வைத்தீர்கள்.

இதன் வேர் ஒரே ஒரு சொல்லில் இருக்கிறது. 2001 ஜூன் மாதம் வந்த தண்ணீர் விதிகளில் அடிப்படைத் தண்ணீர் என்றால் என்ன என்று எழுதியிருக்கிறது: ஆளுக்கு ஒரு நாளைக்கு 25 லிட்டர், அல்லது குடும்பத்துக்கு மாதம் 6 கிலோலிட்டர், 200 மீட்டர் தூரத்துக்குள். அந்த "அல்லது"தான் எல்லாம். ஒரு வீட்டில் எட்டுப் பேர் இருந்தால் இரண்டும் ஒன்றே: 25 பெருக்கல் 8 பெருக்கல் 30, சரியாக ஆறாயிரம் லிட்டர். ஆள் கூடினால் வித்தியாசம் வருகிறது. பெரும்பாலான நகராட்சிகள் தலையை எண்ணப் போகவில்லை. லெட்ஜரில் தலை கிடையாது, கணக்கு எண்தான் உண்டு. கணக்கு எண்ணுக்கு 6 கிலோலிட்டர் என்று போட்டோம். நானே போட்டிருக்கிறேன்.

உங்கள் அத்தை வீட்டுக்கு அந்த ஆறு கிடைத்தாலும் ஆளுக்கு நாளொன்றுக்கு 20 லிட்டர்தான். கக்கூஸில் ஒரு தடவை தண்ணீர் விட்டால் 9 லிட்டர் போகும். இரண்டு தடவை போனால் குடிக்க மிச்சம் 2 லிட்டர்.

இதே கேள்வி நீதிமன்றத்துக்கும் போனது. சொவெட்டோவில் ஃபிரி என்ற இடம், மஸிபுகோ வழக்கு. ஒரே மனையில் பல குடும்பம், பின்னால் கொட்டகைகள், மனைக்கு ஒரு ப்ரீபெய்ட் மீட்டர், மாசம் முடியும் முன்பே தண்ணீர் நின்றுவிடும். கீழ் நீதிமன்றம் ஆளுக்கு 50 லிட்டர் என்றது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 42 என்றது. 2009ல் அரசியல் சட்ட நீதிமன்றம், அளவை நிர்ணயிப்பது எங்கள் வேலையல்ல, நகரத்தின் ஏற்பாடு நியாயமானதே என்று முடித்துவிட்டது. சட்டப்படி அது சரியாக இருக்கலாம். வரிசையில் வாளியோடு நிற்பவருக்கு அது என்ன பதில்?

இன்னொன்றும் சொல்கிறேன், யாரும் கோபிக்காதீர்கள். தேசிய வருவாயிலிருந்து நகராட்சிகளுக்கு ஒரு பங்கு வருகிறது, ஈக்விடபிள் ஷேர் என்பது. அந்தப் பங்கை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? ஏழைக் குடும்பங்களை எண்ணி. 2011 கணக்கெடுப்பின்போது இரண்டு பென்ஷன் அளவுக்குக் கீழே, அதாவது 2,300 ராண்டுக்குக் கீழே வருமானம் உள்ள குடும்பங்கள் என்று கோடு கிழித்தார்கள். கணக்கெடுப்புக்காரர் கதவைத் தட்டும்போது பின்னறையும் ஒரு குடும்பம்தான். ஆகவே அந்தக் கோகோ போன்றவர்களைக் காட்டிப் பணம் வருகிறது. கொடுக்கும்போது மட்டும் கணக்கு எண்ணைப் பார்க்கிறோம். வரும்போது தலைக் கணக்கு, போகும்போது மீட்டர் கணக்கு. அந்தப் பணத்தை இதற்குத்தான் செலவழிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. நடுவில் மிஞ்சுவது சம்பளத்துக்கும் டீசலுக்கும் போய்விடும்.

இது திருட்டு இல்லை. இதைத் திருட்டு என்று சொல்ல முடியாததுதான் இதில் உள்ள சிக்கல்.

பில்_கட்டுறவன்
புதன், காலை 6:20

சரி, ஒப்புக்கறேன், நான் அவசரப்பட்டேன். ஆனா ஐயா, ஒவ்வொரு பின்னறைக்கும் மீட்டர் வைத்தால் செலவு? கள்ளக் கனெக்‌ஷன், பிளான் பாஸ் ஆகாத அறை, அதுக்கெல்லாம் நகராட்சி மீட்டர் வைக்குமா?

பழைய லெட்ஜர்
புதன், காலை 9:00

நல்ல கேள்வி. வைக்காது. பிளான் பாஸ் ஆகாத அறைக்கு மீட்டர் கொடுத்தால் அந்த அறையை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்ற பயம். அதனால்தான் நான் மதுரைத் தம்பியின் கட்சி. முதல் ஆறு கிலோலிட்டரை எல்லோருக்கும் விட்டுவிட்டு, மேலே போகப் போக விலையை ஏற்றினால், நீச்சல் குளம் வைத்திருப்பவர் தனக்குக் கிடைத்த இலவசத்தைத் தானே திருப்பிக் கட்டிவிடுவார். டர்பன் முதலில் அப்படித்தான் செய்தது. நாடு முழுவதும் கொள்கை வருவதற்கு முன்பே, தொண்ணூறுகளின் இறுதியில், வீட்டுக்கு 200 லிட்டர் டேங்க் வைத்து நாள்தோறும் ஒருமுறை நிரப்பும் முறை இருந்தது. அவ்வளவு சின்ன அளவுக்குப் பில் அடித்து வசூல் செய்யும் செலவு தண்ணீரின் விலையைவிட அதிகம். அதனால் சும்மாவே விட்டார்கள். தர்மசிந்தனையால் வந்த இலவசம் இல்லை, குமாஸ்தா கணக்கால் வந்தது! பிறகுதான் வீட்டு மதிப்பைப் பார்த்துக் கொடுக்கும் முறைக்கு மாறினார்கள்.

அதிலும் ஓட்டை உண்டு. பல தலைகள் சேர்ந்து வாழும் வீட்டில் முதல் ஆறு சீக்கிரம் தீர்ந்துவிடும். பிறகு ஏறுவிலை ஏழையைத்தான் அடிக்கும். எந்தக் கயிற்றைப் பிடித்து இழுத்தாலும் அந்த "அல்லது"வில் வந்து மாட்டுகிறது.

கீரைக்காரி_பேரன்
புதன், மதியம் 12:40

பெரியவங்க எல்லாரும் தண்ணி, கரண்டுன்னே பேசறீங்க. நான் வேறே பக்கத்திலேர்ந்து வரேன்.

எங்க ஆயா டர்பன் வார்விக்கில் எர்லி மார்னிங் மார்க்கெட்டில் கொத்தமல்லி, கறிவேப்பிலை, மொச்சை வித்தவங்க. விடியக்காலை மூணு மணிக்கு எழுந்து போவாங்க. அந்த மார்க்கெட்டை நகராட்சி 1934ல் கட்டினது. ஒரு மேசை, மேலே கூரை, குறைஞ்ச வாடகை. அவ்வளவுதான் நகராட்சி எங்களுக்குச் செய்தது. அந்த மேசையில்தான் அஞ்சு பிள்ளைகள் படிச்சாங்க. ஒருத்தர் நர்ஸ், ஒருத்தர் டீச்சர். ஒரு மாசம்கூட யாரும் எங்க ஆயாவை "நீ ஏழைன்னு நிரூபி"ன்னு கேட்கலை.

அதே மார்க்கெட்டை 2009ல் இடிச்சுட்டு மால் கட்டப் பார்த்தாங்க, உலகக் கோப்பை வரப்போகுதுன்னு. வியாபாரிங்க விடலை. கறிவேப்பிலை விக்கிற பாட்டிங்க போலீஸ் முன்னாடி நின்னாங்க. கோர்ட், ஊர்வலம்னு இழுத்து, கடைசியில் திட்டத்தைக் கைவிட்டாங்க.

என் கட்சி இதுதான். மாசம் 50 யூனிட் ஒருத்தனை இருட்டில் இருந்து காப்பாத்தும், ஏழ்மையில் இருந்து காப்பாத்தாது. அரசியல் சட்டத்தில் நகராட்சி கையில் கொடுத்திருக்கிற பட்டியலைப் பாருங்க: சந்தை, தெருவோர வியாபாரம், பஸ், பிள்ளைக் காப்பகம். ஏழைக்குச் சம்பாதிக்க வழி விடறது இதெல்லாம்தான். இதைப் பத்தி எந்த இண்டிஜென்ட் ஃபாரமும் பேசாது.

ஞாயிறு_கூழ்
புதன், இரவு 7:10

பேராண்டி, மேசை போட்டு உட்கார உடம்பில் தெம்பு இருக்கணும். 71 வயசு அத்தையும் நாலு பிள்ளை வளர்க்கிற கோகோவும் எந்த மார்க்கெட்டுக்குப் போவாங்க? உன் ஆயாவுக்கு வீட்டில் தண்ணி வந்ததால்தான் மூணு மணிக்குக் குளிச்சுட்டுப் போக முடிஞ்சது.

2000ல் எம்பாங்கேனி பக்கம் காலரா வந்தது ஞாபகம் இருக்கா? சும்மா வந்துகொண்டிருந்த பொதுக் குழாய்க்குக் கார்டு போட்டாங்க. காசு இல்லாதவங்க ஆத்துத் தண்ணிக்குப் போனாங்க. மாகாணம் முழுக்க ஒரு லட்சம் பேருக்கு மேல் நோய். அடுத்த வருஷம் இலவசத் தண்ணீர்க் கொள்கை வந்ததே, அது அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான். தண்ணியைச் சின்ன விஷயம்னு சொல்லாதே.

கீரைக்காரி_பேரன்
புதன், இரவு 7:35

சின்ன விஷயம்னு சொல்லலை பாட்டி. அது போதாதுன்னுதான் சொன்னேன்.

வார்டு_நாற்காலி
புதன், இரவு 9:15

நான் ஒரு வார்டு கமிட்டியில் இருக்கிறேன். சட்டப்படி பத்துப் பேர் வரை, தலைமை கவுன்சிலர். பெரும்பாலும் குழி, குப்பை, மரம் வெட்டுவது பற்றியே பேசுவோம். இண்டிஜென்ட் பதிவேட்டைக் கமிட்டிக் கூட்டத்தில் வைத்து, எந்தத் தெருவில் யார் விடுபட்டிருக்கிறார்கள் என்று ஒரு தடவைகூட நாங்கள் பார்த்ததில்லை. எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த தெருக்கள்! இந்த இழையைப் படித்துவிட்டு அடுத்த கூட்டத்து நிகழ்ச்சி நிரலில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். குழிக்குப் பிறகுதான் எடுப்பார்கள்.

இன்னொன்று: பதிவு ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்பதே பலருக்குத் தெரியாது. ப்ரீபெய்ட் இலவச யூனிட்டை அந்த மாத டோக்கனாக எடுக்காவிட்டால் பல இடங்களில் அது போனது போனதுதான், அடுத்த மாதத்தோடு சேராது. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள்.

மாடரேட்டர்
வியாழன், காலை 8:00

கட்சிகளின் பெயர் சொல்லித் திட்டிய நான்கு பதிவுகளை எடுத்துவிட்டேன். தேர்தல் இழை தனியாக இருக்கிறது, அங்கே போங்கள்.

கருப்பங்காட்டுக்காரி
சனி, இரவு 9:50

வெள்ளிக்கிழமை லீவ் போட்டுட்டு மறுபடி போனேன். ஐயா சொன்ன மாதிரி கொள்கைத் தாளைக் கேட்டேன். முதலில் அப்படி ஒண்ணு இல்லைன்னாங்க, பிறகு வெப்சைட்டில் பாருங்கன்னாங்க. நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கலை. மேலே மாடியிலிருந்து ஒருத்தர் பிரிண்ட் எடுத்துக் கொண்டுவந்து கொடுத்தார். 23 பக்கம். 9ஆம் பக்கத்தில் இருந்தது ஐயா, நீங்க சொன்ன அதே வரி! கணக்குக்காரர் இறந்திருந்தால் வீட்டில் வாழும் வாரிசு விண்ணப்பிக்கலாம்.

கவுன்டர்ப் பெண் அதை இரண்டு தடவை படிச்சாள். அவளும் தன் போனில் ஒரு படம் எடுத்துக்கிட்டாள். "போன மாசம் இப்படியே ஏழெட்டுப் பேரைத் திருப்பி அனுப்பிட்டேன் மா"ன்னாள். ஃபாரத்தை வாங்கிக்கிட்டாங்க. வீட்டைப் பார்க்க ஆள் வருவாங்களாம்.

இப்போ பயம் அதுதான். ஆள் வந்து பின்னறைகளைப் பார்த்தால்? அத்தை என்ன சொல்றா தெரியுமா? "அன்னைக்கு ஒருநாள் கோகோவைப் பிள்ளைகளோட எங்கேயாவது போயிட்டு வரச் சொல்லலாமா?"

நான் பதில் சொல்லலை.

ஞாயிறு_கூழ்
சனி, இரவு 10:05

சொல்லாதீங்க. ஒளிச்சு வைக்காதீங்க.

பழைய லெட்ஜர்
சனி, இரவு 10:40

அம்மா, வாடகை 1,800ஐயும் சேர்த்துத்தானே 4,485 என்று ஃபாரத்தில் எழுதினீர்கள்? அப்படியானால் மறைக்க எதுவும் இல்லை. இன்ஸ்பெக்டர் வருவது அஃபிடவிட்டில் சொன்னது உண்மையா என்று பார்க்க. அவர் கட்டட இலாகா ஆள் அல்ல. வாடகையை எழுதாமல் விட்டிருந்தால் திங்களே போய்த் திருத்திக் கொடுங்கள். மறைத்தது பிறகு தெரிந்தால் பதிவு ரத்தாகும், கொடுத்த தள்ளுபடியையும் திரும்பக் கேட்பார்கள்.

சொத்து மாற்றத்தை அப்படியே விட்டுவிடாதீர்கள். மாமாவின் சொத்து மொத்தம் 250,000 ராண்டுக்குள் இருந்தால் மாஸ்டர்ஸ் ஆபிஸில் (இறந்தவர் சொத்தைக் கவனிக்கும் அரசு அலுவலகம்) அதிகாரக் கடிதம் ஒன்று போதும், உயில் இல்லாமலும் எளிதாக முடியும். மேலே போனால் எக்ஸிக்யூட்டர் (சொத்தைப் பைசல் செய்யும் பொறுப்பாளர்) நியமனம் வேண்டும். வீட்டு மதிப்பு என்ன போட்டிருக்கிறார்கள்?

கருப்பங்காட்டுக்காரி
ஞாயிறு, காலை 7:15

வாடகையை எழுதியிருக்கோம் ஐயா.

மதிப்பு நகராட்சியின் புது மதிப்பீட்டு ரோலில் 310,000. பழையதில் 220,000 இருந்தது. மாமா கட்டின பின்னறை இரண்டும்தான் ஏத்திவிட்டிருக்கு.

அத்தைக்கு மகனைத் தவிர மகள் ஒருத்தி இருக்கா, பெர்த்தில். போன் செய்தேன். கையெழுத்துப் போடத் தயார், ஆனா வீட்டைத் தம்பி பேரில் எழுதணுமாம், அம்மா பேரில் வேண்டாமாம். அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்து எல்லாத்தையும் கேட்டுக்கிட்டு இருந்தாள். போனை வச்சதும் எழுந்து போய்ப் பின்கதவைத் திறந்து, கோகோவின் சின்னப் பேத்திக்கு ரொட்டி கொடுத்துட்டு வந்தாள்.

இன்ஸ்பெக்டர் புதன்கிழமை வரார். கோகோவும் வீட்டில்தான் இருப்பாங்க.